கோப்பி வறுக்கும் பக்குவம்

பச்சைக் கோப்பிக்கொட்டைக்குக் கோப்பியின் மணம் இல்லை. ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பவருக்குக் காய்ந்த வைக்கோலின் வாடையோ, பயற்றின் பச்சை வாடையோ இலேசாகத் தோன்றும், அவ்வளவே. அதனை இடித்துக் கொதிநீரில் இட்டால், மங்கிய நிறமும் துவர்ப்பும் கொண்ட ஒரு நீர் கிடைக்கும். அதனைக் கோப்பி என்று எவரும் ஏற்கமாட்டார். தெருவிற் செல்பவரையும் திரும்பிப் பார்க்கச் செய்யும் அந்த மணமும், நாவில் நின்று மறையும் அந்தக் கைப்பும், கிண்ணத்தில் தோன்றும் அந்தக் கருஞ்செந்நிறமும் மரத்தில் விளைந்தவை அல்ல, அடுப்பில் விளைந்தவை. பத்து, பதினைந்து நிமிட நேரத்துள் வறுப்பவரின் கையிலேயே அவை உண்டாகின்றன.

ஆகவே, கோப்பியைப் பொறுத்தவரை வறுத்தல் என்பது சமையலுக்கு முன்னர் நடைபெறும் சில்லறை வேலை அன்று, அதுவே சமையல். வறுத்த பின்னர் இடிப்பதும் வடிப்பதும், முன்னரே ஆக்கப்பட்ட ஒன்றை வெளியே எடுக்கும் முயற்சிகளே. இலங்கைத் தமிழ் வீடுகளில் இத்தொழிலைப் பெண்கள் தனியே கற்றுக்கொள்ளாமலே அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் மல்லியும் சுக்கும் கூட்டி இடிப்பதற்காக வறுத்தனர். மலைநாட்டில் வீட்டின் பின்புறத்தில் நின்ற மரத்தின் பழத்தை உலர்த்தி, உரலிற் குற்றி, வறுத்தனர். கடைத்தூள் மலிந்துவிட்ட பின்னர் அப்பழக்கம் பல வீடுகளில் நின்றுபோயிற்று. கோப்பி வறுபடும் ஓசையை அறிந்த செவிகள் இன்று குறைவு. செவிகள் என்று கூறுவது அணிக்காக அன்று. கொட்டை பக்குவமடைந்துவிட்டதா என்பதைச் சொல்வதற்குக் கடிகாரத்திலும் கண்ணிலும் நம்பத்தக்க கருவி காது. அது எவ்வாறு என்பதைக் காண்பதற்கு முன், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றை வீட்டில் வறுப்பதற்குத் தக்க காரணம் உண்டா என்ற கேள்விக்கு விடை காணல் வேண்டும்.

நன்றாக உலர்ந்த பச்சைக்கொட்டை, ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில் ஓராண்டு வரையில் பெரிதும் கெடாதிருக்கும். வறுத்த கொட்டையோ சில கிழமைகளில் தன் மணத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும். இடித்த தூளைத் திறந்து வைத்தால் சில நாள்களே போதும். வறுத்த கோப்பியின் மணத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட சேர்வைகள் பங்குகொள்கின்றன என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். அவை எளிதில் ஆவியாகிப் போவன. ஒட்சிசன் பட்டதும் மாறிவிடுவன. முழுக்கொட்டையாக இருக்கும்வரை அவை உள்ளறைகளில் அடைபட்டுக் கிடக்கும். இடித்தவுடன் அவ்வறைகள் திறந்துவிடுகின்றன. கோப்பி இடிக்கும் வீட்டில் எழும் மணம் இனிமையானதுதான். எனினும், அவ்வளவும் கிண்ணத்துக்கு வந்திருக்கவேண்டிய மணம் என்பதையும் எண்ணிக்கொள்ளலாம்.

உலகக் கோப்பி வணிகம் முழுவதும் இந்த உண்மையின்மீதே அமைந்துள்ளது. கோப்பி கடல் கடப்பது பெரும்பாலும் பச்சைக்கொட்டையாகவே. வறுத்தல் குடிப்பவரின் ஊரில் நடைபெறும். கோப்பியாற் பெயர்பெற்ற இலங்கையும் அவ்வாறே செய்தது. 1870களின் இறுதியில் இந்நாட்டின் மலைச்சரிவுகளில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்தே வந்த தமிழ்த் தொழிலாளர் அதனைப் பயிரிட்டுப் பறித்தனர். வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். கொட்டை கொழும்புப் பண்டகசாலைகளில் தோல் நீக்கித் தெரியப்பட்டு, பச்சையாகவே கப்பலேறிற்று. 1869 ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துருநோய் அடுத்த இருபது ஆண்டுகளுள் அத்தோட்டங்களைத் தின்று தீர்த்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும், வீட்டுத்தோட்டங்களிற் கோப்பி முற்றாக அழிந்துவிடவில்லை. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, கேகாலை ஆகிய பகுதிகளில் மிளகுக்கொடிக்கும் பலாமரத்துக்கும் நடுவே இன்றும் அது நிற்கிறது.

மேல்நாட்டு வீடுகளிலுங்கூட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பச்சைக்கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுப்பது வழக்கமாயிருந்தது. அமெரிக்காவில் ஜபெஸ் பேர்ன்ஸ் என்பவர் 1864 இல் பெரிய வறுக்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் ஆர்பக்கிள் என்னும் வணிகர் வறுத்த கோப்பியைக் கடதாசிப் பைகளிற் கட்டி விற்கத் தொடங்கினார். வறுத்த கொட்டை பழுதடையும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆதலால் முட்டையும் சீனியும் முதலியன சேர்ந்த ஒரு பூச்சினை அதன்மேற் பூசினார். அப்பூச்சின் தேவையே அவர் பண்டத்தின் குறையை எடுத்துக்காட்டுவதாகும்.

வீட்டில் வறுப்பது குற்றமாகக் கருதப்பட்ட நாடும் ஒன்று இருந்தது. பிரசியாவை ஆண்ட இரண்டாம் பிரெடரிக் மன்னர், கோப்பிக்காக நாட்டின் பணம் வெளியே செல்வதைப் பொறாது, 1781 ஆம் ஆண்டில் வறுக்கும் உரிமையை அரசுக்கு உரியதாக்கினார். உயர்குடியினர், படைத்தலைவர் போன்ற சிலர் மட்டும் உரிமைச்சீட்டுப் பெற்று வறுக்கலாம். ஏனையோர் அரசு வறுத்த தூளை அதிக விலைக்கு வாங்கவேண்டும். சட்டத்தை மீறுவோரைப் பிடிப்பதற்கு ஓய்வுபெற்ற படைவீரர் அமர்த்தப்பட்டனர். அவர்களின் வேலை, தெருத்தெருவாகச் சென்று மூக்கால் மோப்பம் பிடிப்பதே. மக்கள் அவர்களைக் 'கோப்பி மோப்பக்காரர்' என்றே அழைத்தனர். மன்னர் 1786 இல் மறைந்த பின்னர் அவ்வேற்பாடும் மறைந்தது. எதனையும் மறைத்து வறுக்கலாம். கோப்பியை மறைத்து வறுக்க முடியாது என்பதை இக்கதை காட்டுகிறது. கோப்பியின் தாயகமாகிய எத்தியோப்பியாவில் வழக்கம் இதற்கு நேர்மாறானது. விருந்தினர் வந்து அமர்ந்த பின்னரே, அவர் கண்முன் கொட்டையை வறுப்பர். புகை எழும் சட்டியை ஒவ்வொருவரிடமும் கொண்டுசென்று மணத்தை நுகரச்செய்வர். பின்னர் இடித்து, கொதிக்கவைத்து, மூன்று சுற்றுக்கள் வார்ப்பர். அங்கே மணமும் விருந்தின் ஒரு பகுதி.

இனி, சூடேறும் கொட்டையினுள் நிகழ்வன யாவை என்பதை நோக்குவோம். பச்சைக்கொட்டையில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வரை நீர் உண்டு. முதல் நான்கைந்து நிமிடங்களில் அந்நீர் வெளியேறுவதன்றி வேறொன்றும் பெரிதாக நடைபெறுவதில்லை. சாம்பல் கலந்த பச்சை நிறம் வெளுத்து மஞ்சளாகும். வாடை புல்லின் வாடையிலிருந்து அவித்த பயற்றின் வாடைக்கும், அதிலிருந்து பாண் வேகும் மணத்துக்கும் மாறும். பாண் மணம் வந்ததாயின், கொட்டையின் சூடு 150 பாகை செல்சியஸை அண்மிவிட்டது என்று கொள்ளலாம். இப்போதுதான் உண்மையான வறுத்தல் தொடங்குகிறது. கொட்டையிலுள்ள வெல்லச்சத்தும் புரதத்தின் கூறுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து, கபில நிறத்தையும் எண்ணற்ற மணப்பொருள்களையும் தோற்றுவிக்கின்றன. மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1912 இல் விளக்கிய மாற்றம் இது. அவர் பெயராலேயே வழங்குகிறது. பாணின் மேற்றோல் சிவப்பதும், கச்சான் வறுபடும்போது மணப்பதும், சட்டியில் அரிசிமா வறுபட்டு நிறம் மாறுவதும் இதே மாற்றத்தாற்றான்.

சூடு மேலும் ஏற, வெல்லம் கருகிக் கைப்பாகிறது. துவர்ப்பைத் தரும் அமிலங்கள் சிதைந்து வேறு பொருள்களாகின்றன. கோப்பிக்கே உரிய அந்த மணத்தைத் தருபவற்றுள் முதன்மையானது கந்தகம் கொண்ட ஒரு சேர்வை. ரைக்ஸ்ரைன், ஸ்ரவுடிங்கர் என்னும் இரு இரசாயன அறிஞர் 1920களில் அதனைக் கண்டறிந்தனர். பிற்காலத்தில் வேறு ஆராய்ச்சிகளுக்காக இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். அந்தச் சேர்வை தனியே மிகுந்தால் தாங்கமுடியாத நாற்றமாக இருக்கும். மிக நுண்ணிய அளவிற் கலந்திருக்கும்போதே அது கோப்பி மணமாகத் தோன்றுகிறது. சமையலறை இத்தகைய புதிர்கள் நிறைந்த இடம்.

மாறாதது ஒன்றும் உண்டு. உறக்கத்தைப் போக்கும் கபேயின் என்னும் பொருள் வறுப்பதால் அவ்வளவாக அழிவதில்லை. கறுக்க வறுத்த கோப்பியே வலிமை மிக்கது என்று பலர் எண்ணுகின்றனர். அது நாவின் மயக்கம். கைப்பு மிகுகிறதே அன்றிக் கபேயின் மிகுவதில்லை. கபேயினின் அளவு கொட்டையின் இனத்தைப் பொறுத்தது. அராபிக்கா இனத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவிலும், ரொபஸ்ரா இனத்தில் அதன் இருமடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் அது இருக்கும்.

ஓசைக்கு வருவோம். கொட்டையின் சூடு 200 பாகையை அண்மிக்கும்போது, உள்ளே எஞ்சிய நீராவியும், புதிதாகப் பிறந்த காபனீரொட்சைட்டு வாயுவும் சேர்ந்து உட்சுவர்களை நெருக்குகின்றன. ஒரு கட்டத்திற் சுவர் தாங்காது வெடிக்கிறது. அவ்வோசை சோளம் பொரிவது போன்றது. ஆனால் அதனினும் தணிந்தது. முதலில் ஒன்று, சிறிது நேரங் கழித்து இன்னொன்று, பின்னர் பலவாகத் தொடர்ந்து கேட்கும். இதனை முதல் வெடிப்பு எனலாம். வெடித்த கொட்டை பருத்து, சுருக்கம் நீங்கி, நடுக்கோடு விரிந்து, மெல்லிய சவ்வை உதிர்த்துவிடும். ஒன்றிரண்டு நிமிடங்களில் இவ்வோசை ஓயும். அதன்பின் சிறிது நேரம் மௌனம் நிலவும். பின்னர் வேறோர் ஓசை எழும். இது முன்னதைவிட மெல்லியது, விரைவானது, காய்ந்த சுள்ளிகளை விரல்களுக்கிடையில் நொறுக்குவது போன்றது. கொட்டையின் நார்ச்சுவரே முறியும் ஓசை அது. அப்போது சூடு 225 பாகை அளவில் இருக்கும். மேற்பரப்பில் எண்ணெய் கசியத் தொடங்கும். புகை தடித்து நீலநிறங்கொள்ளும். இது இரண்டாம் வெடிப்பு. இதற்கு அப்பால் உள்ளது கரியே.

கோப்பி வறுக்கும் கலை முழுவதும் இவ்விரு வெடிப்புக்களுக்கும் இடைப்பட்ட மௌனத்திலேயே அடங்கியுள்ளது என்று கூறினும் மிகையாகாது. முதல் வெடிப்பு நடந்துகொண்டிருக்கையிலே இறக்கினால் புளிப்பு மேலோங்கும்; கொட்டை கடினமாயிருக்கும்; உரலில் இலேசில் நொறுங்காது. அது ஓய்ந்து, மௌனத்தின் நடுவில் இறக்கினால் மணமும் இனிமையும் கைப்பும் ஒத்து நிற்கும். இரண்டாம் வெடிப்பின் முதல் இரண்டு மூன்று ஒலிகள் கேட்டதும் இறக்கினால், பாலும் சீனியும் சேர்த்துக் குடிப்பவர் விரும்பும் திண்ணிய கோப்பி அமையும். இரண்டாம் வெடிப்பு முழுமூச்சாக நடக்கும்வரை காத்திருந்தால், அது எந்த மலையில் விளைந்த கொட்டை என்பதும், நல்லதா தீயதா என்பதும் நாவுக்குத் தெரியாமற் போய்விடும். கருக்கிய கோப்பியை விற்பவருக்கு இதனாலுள்ள வசதியை விளக்க வேண்டியதில்லை.

கண்ணை ஏன் நம்பலாகாது? அடுக்களையின் மங்கிய ஒளியில் கபிலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தோன்றும். அன்றியும், கடுந்தீயில் வறுத்த கொட்டை வெளியே கறுத்து உள்ளே பச்சையாக இருக்கக்கூடும். ஐயமுண்டாயின், ஒரு கொட்டையை எடுத்து ஆறவைத்து, கல்லில் வைத்து உடைத்துப் பார்த்தல் வேண்டும். உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே நிறமாயிருத்தல் நல்ல வறுவலின் அடையாளம். கடிகாரத்தை ஏன் நம்பலாகாது? விறகு, காற்று, தாச்சியின் தடிப்பு, கொட்டையின் ஈரம் ஆகிய ஒவ்வொன்றும் நேரத்தை மாற்றிவிடும். மாரி காலத்தில் வறுத்த கணக்குக் கோடையிற் பயன்படாது. ஓசை மட்டும் கொட்டையின் உள்ளிருந்தே வருவது. அது அடுப்பைப் பொறுத்ததன்று. ஆகவே வறுக்கும் பத்து நிமிடங்களுக்கு வானொலிப் பெட்டியையும் சற்று மூடிவைத்தல் நன்று.

தொழில் கொட்டையைத் தெரிவதில் தொடங்குகிறது. வீட்டு மரத்துப் பழமாயின், சிவந்து கனிந்ததை மட்டுமே பறித்தல் வேண்டும். கொத்தில் ஒன்று சிவந்ததும் முழுவதையும் உருவிவிடுவது பலர் கைக்கொள்ளும் வழி. காயும் கனியும் கலந்தால், வறுக்கும்போது காயின் கொட்டை வெளிறியே நின்று, கிண்ணத்திற் கச்சான் தோலின் சுவையைத் தரும். பறித்த பழத்தைக் குவித்துவைக்காமல் மெல்லிய படையாகப் பரப்பி, இரவிலும் மழையிலும் மூடி, பகலில் அடிக்கடி கிளறி உலர்த்தவேண்டும். வெயிலைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு கிழமைகள் செல்லும். கையில் எடுத்துக் குலுக்கினால் கொட்டை உள்ளே கலகலவென்று ஆடவேண்டும். பின்னர் உரலிற் குற்றிப் புடைத்தல் எளிது. பூஞ்சணம் பிடித்ததை இரக்கமின்றி எறிந்துவிடவேண்டும். பூஞ்சணம் விடும் நஞ்சு வறுப்பதால் முற்றாக அழிவதில்லை. தீ எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

மலைநாட்டில் இப்பழத்தைப் பச்சையாகவே வழிவியாபாரிக்கு அளந்து கொடுத்துவிட்டு, அப்பணத்தில் கடைத்தூள் வாங்கும் வீடுகள் உண்டு. மரத்தின் உழைப்பும் வீட்டாரின் உழைப்பும் பழத்தின் விலையோடு நின்றுவிடுகின்றன. உலர்த்தல், குற்றல், வறுத்தல் ஆகிய மூன்றும் சேர்த்த பெறுமதி மற்றவர் கைக்குப் போகிறது. விற்பதற்கு இல்லாவிடினும், வீட்டுக்கு வேண்டிய ஒரு பங்கையேனும் நிறுத்திக்கொள்வது அவர்களுக்கு இழப்பாகாது.

வறுக்குமுன் கொட்டையைச் சுளகில் இட்டுக் கல், மண், உடைந்தது, துளைபட்டது, கறுத்தது ஆகியவற்றை நீக்கவேண்டும். கறுத்துப் புளித்த ஒரு கொட்டை ஒரு கிண்ணம் முழுவதையும் கெடுக்க வல்லது. உருண்டைக்கொட்டைகள் இருப்பின் அவற்றைத் தனியே வறுத்தால் நன்று. அவை சட்டியில் உருண்டோடி, தட்டைக்கொட்டைக்கு முன்பின்னாகப் பக்குவமாகும். தாச்சி தடித்த இரும்பினாலானதாக இருத்தல் சிறப்பு. மண்சட்டியும் தகும், அது மெல்லச் சூடேறினாலும் பெற்ற சூட்டை விடாது. மெல்லிய அலுமினியப் பாத்திரம் இதற்கு ஏற்றதன்று. தீ படும் இடத்தில் மட்டும் கொட்டை கருகும்.

ஒரு முறைக்கு 200 அல்லது 250 கிராமுக்கு மேல் இடலாகாது. வேலையைச் சுருக்கும் எண்ணத்தால் ஒரு கிலோவை ஒரே தாச்சியிற் கொட்டுவதே வீட்டு வறுவல் கெடுவதற்கு முதற் காரணம். அடியிலுள்ளது கருகும், மேலுள்ளது வேகும், எது எப்போது வெடித்தது என்று காதும் குழம்பிப்போகும். தாச்சியை முதலில் நடுத்தரச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கொட்டையை இட்டு, அகப்பையால் அடியிலிருந்து மேலாகக் கிளறத் தொடங்கவேண்டும். இறக்கும்வரை கை ஓயலாகாது. மஞ்சள் நிறம் வரும்வரை தீ அடக்கமாயிருக்கட்டும். பாண் மணம் எழுந்ததும் சற்றுக் கூட்டலாம். முதல் வெடிப்புத் தொடங்கியதும் மீண்டும் குறைத்தல் வேண்டும். அந்நேரத்திலிருந்து கொட்டை தானே சூட்டை வெளிவிடத் தொடங்குவதால், முன்னைய தீயே இப்போது மிகையாகிவிடும். சிரட்டைத்தீ சட்டென்று எழுந்து சட்டென்று தணிவது. பழகாத கைக்கு விறகுத் தணலே துணை. வாயு அடுப்பாயின் கட்டுப்படுத்தல் எளிது.

முதல் வெடிப்பு ஏழாம் நிமிடத்துக்கும் பத்தாம் நிமிடத்துக்கும் இடையில் வருமாயின் தீ அளவாயுள்ளது என்று கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் தீ மிகுதி. அக்கோப்பி ஒரே நேரத்தில் கருகலும் புளிப்பும் உடையதாயிருக்கும். இருபது நிமிடமாகியும் வராவிடின் கொட்டை வறுபடவில்லை, வெந்துகொண்டிருக்கிறது. நிறம் சரியாகவே வரும், மணம் வராது. மெல்லிய தீயில் நெடுநேரம் வறுத்தல் சிறந்தது என்ற கருத்து வேறு பண்டங்களுக்குப் பொருந்தலாம், கோப்பிக்குப் பொருந்தாது.

பக்குவம் வந்ததும் அடுப்பை அணைப்பது மட்டும் போதாது. தாச்சியின் சூடும் கொட்டையின் உட்சூடும் தொடர்ந்து வறுத்துக்கொண்டேயிருக்கும். அக்கணமே சுளகிலோ அகன்ற தட்டத்திலோ கொட்டி, தூற்றியும் விசிறியும் ஆற்றவேண்டும். மூன்று நான்கு நிமிடத்துள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடவேண்டும். இதனை முற்றத்திற் செய்தால் உதிர்ந்த சவ்வு காற்றோடு போய்விடும். அச்சவ்வு இலேசில் தீப்பற்றக்கூடியது, அடுப்பருகே சேரவிடலாகாது. தாச்சியிலேயே விட்டு வேறு வேலைக்குச் செல்பவர், முதலில் விரும்பிய பக்குவத்துக்கு இரண்டு படி மேலே போன கோப்பியைத்தான் காண்பார்.

மல்லி சேர்ப்பவர் அதனைக் கொட்டையோடு ஒன்றாக இட்டு வறுப்பது பிழை. கோப்பிக்கு வேண்டிய சூட்டில் மல்லி கரியாகிவிடும். மல்லியைத் தனியே இளந்தீயில், மணம் எழுந்து நிறம் சற்றே சிவக்கும்வரை வறுத்தாற் போதும். மிளகும் நற்சீரகமும் சேர்ப்பதாயின் அவற்றையும் அவ்வாறே செய்யலாம். சுக்குக்கு வறுவல் தேவையில்லை. வெயிலில் உலர்த்தித் தட்டிச் சேர்க்கலாம். அளவு வீட்டுக்கு வீடு வேறுபடும். அதில் எவரும் எவருக்கும் ஆசிரியராதல் இயலாது. இறக்குந் தறுவாயிற் சீனியைத் தூவி மினுக்கேற்றும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஸ்பெயின் நாட்டிலும் அவ்வாறு செய்வர். அது நிறத்தைத் தரும்; பழுதான கொட்டையின் குறையை மறைக்கும். நல்ல கொட்டைக்கு அது வேண்டுவதில்லை.

வறுத்தவுடன் இடித்துக் குடிக்கும் ஆவலைச் சற்று அடக்கவேண்டும். புதிதாக வறுத்த கொட்டை காபனீரொட்சைட்டு வாயுவைச் சில நாள்கள் வரை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். அதே மணித்தியாலத்தில் வடித்தால் நீர் நுரைத்துப் பொங்கும், சுவை முரடாயிருக்கும். ஒருநாள் தளர மூடி வைத்து, பின்னர் தகரப்பேணியிலோ ஒளி புகாத போத்தலிலோ இறுக மூடலாம். முதல் நாளே இறுக மூடினால் வாயு உள்ளே நெருக்கும். இடிப்பது நான்கைந்து நாளைக்கு வேண்டிய அளவாக மட்டும் இருக்கட்டும். உரலில் இடித்து அரிதட்டில் அரித்து, கப்பியை மீண்டும் உரலுக்கு இடும் பழைய முறையே போதுமானது.

செலவைக் கணக்கிடுபவர் ஒன்றை மறத்தலாகாது. வறுபடும்போது கொட்டை நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் எடை குறையும். கறுக்க வறுத்தால் இருபது பங்கும் போகும். ஒரு கிலோ பச்சைக்கொட்டையிலிருந்து கிடைப்பது 800 முதல் 850 கிராம் தூளே. கொட்டை பருப்பதனாற் கண்ணுக்கு அது கூடியதாகவே தோன்றும். கடைத்தூளோடு விலையை ஒப்பிடும்போது, அத்தூளில் இருப்பது எது என்பதையும் ஒப்பிடவேண்டும். வறுத்த தானியமும் புளியங்கொட்டையும் பேரீச்சங்கொட்டையும் கோப்பித்தூளிற் கலக்கப்படுவது உலகெங்கும் அறிந்த மோசடி. சிக்கரிக் கிழங்கு கலந்ததை அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் குவளைக் குளிர்நீரில் தூளை மெல்லத் தூவினால், கோப்பி சிறிது நேரம் மேலே மிதக்கும்; சிக்கரியோ உடனே கபிலநிறக் கோடுகளை இழுத்தவாறு அடிக்கு இறங்கும். சொந்தக் கையால் வறுத்தவருக்கு இச்சோதனையும் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குபவர் 600 கிராம் பச்சைக்கொட்டையை மூன்று சம பங்காக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வறுத்துப் பார்க்கலாம். முதற் பங்கை முதல் வெடிப்பு ஓய்ந்த உடனேயும், இரண்டாவதை அது ஓய்ந்து ஒரு நிமிடங் கழித்தும், மூன்றாவதை இரண்டாம் வெடிப்பின் முதல் ஒலி கேட்டதும் இறக்கி, தனித்தனிப் போத்தலில் இட்டு, பெயர் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். மறுநாட் காலை மூன்றையும் ஒரே அளவில், முதலிற் சீனியின்றியும் பின்னர் வீட்டு வழக்கப்படியும் வடித்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் கொடுத்துக் கேட்கலாம். பெரும்பாலோர் விரும்பியது எந்தப் போத்தல் என்பது தெரிந்துவிட்டால், முதல் வெடிப்பு ஓய்ந்த பின் எவ்வளவு நேரம் அந்த மௌனத்தைக் கேட்டிருக்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அடுத்த முறை அவ்வளவு நேரம் எண்ணிவிட்டு இறக்கினாற் போதும்.